பன்னிரண்டு கட்டிகளும் ஓர் எடைக்கல்லும்

அவருக்குப் பின்னால் எல்லோரும் அவரை முத்திரையார் என்றார்கள். முன்னால் சார் என்றார்கள். எடை அளவுத் துறையில் முப்பத்திரண்டு வருடம் ஆய்வாளராக இருந்தவர். கடைக்காரர்களின் எடைக்கற்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை முத்திரை போடுவது அவர் வேலை. இரும்புக் கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். குழியில் ஈயம் அடைத்திருக்கும். ஈயத்தின் மேல் எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. அந்த வருடத்துக்குரிய எழுத்து பதியும். எழுத்து இருந்தால் அது எடைக்கல். இல்லாவிட்டால் வெறும் இரும்பு.

ஓய்வு பெற்ற அன்று அச்சையும் சுத்தியலையும் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். மறுநாள் காலையிலிருந்து கை நமநமத்தது. அந்த மழைக்காலத்தில் இருமல் வந்தபோது வாங்கிய மருந்துப் புட்டியை மூன்று நாள் திறக்காமல் வைத்திருந்தார். மூடியின் சீல் அவ்வளவு நன்றாக இருந்ததாம். நான்காம் நாள் மனைவி திறந்தாள்.

இந்த நிலையில்தான் அந்த விளம்பரம் அவர் கண்ணில் பட்டது.

இருநூற்று நாற்பது வருடத்துக்கு முன் மூழ்கிய ஒரு கப்பல். வெள்ளிக் காசு ஏற்றிப் போனது. ஒரு கம்பெனி அதைத் தேடிப் பிடித்துக் காசை மேலே கொண்டுவந்தது. காசுகளில் ராஜாக்களின் முகம் தேய்ந்திருந்தது. ஒன்றைப் போல ஒன்று இல்லை. கம்பெனிக்கு அது சரிப்படவில்லை. எல்லாவற்றையும் உருக்கித் தீப்பெட்டி நீளத்துக்குச் சின்னச் சின்னக் கட்டிகளாக வார்த்தது. கட்டிகளின் மேல் கப்பல் படத்தை அச்சடித்தது. பழைய பொருளை அழித்து, அது பழையது என்று எழுதிய புதுப் பொருளைச் செய்தது. பன்னிரண்டு கட்டி சேர்ந்தால் ஒரு வரிசை. முதல் கட்டியில் கப்பல் பாய் விரித்துக் கிளம்பும். ஆறாவதில் சாயும். பன்னிரண்டாவதில் கொடிமரத்தின் நுனி மட்டும் தெரியும்.

முத்திரையாருக்குக் கடல் ஆகாது. ஏரியில் படகு ஏறினாலே வாந்தி எடுப்பார். வெள்ளியிலும் அவருக்கு மயக்கம் இல்லை. அவரை மயக்கியது முத்திரை. ஒவ்வொரு கட்டியிலும் நான்கு இருந்தன. கம்பெனி முத்திரை, தூய்மை முத்திரை, எடை முத்திரை, வரிசை எண். கட்டி ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்தது. கூட்டின் வாயில் மின்னும் ஹாலோகிராம் பட்டை. அது கிழிந்தால் சான்றிதழ் செல்லாது.

முதல் கட்டி வந்த அன்று மனைவி வாங்கிப் பார்த்தாள்.

"ஏங்க, பழைய காசாவே குடுத்திருக்கலாமே?"

"காசுல முத்திரை தேஞ்சு போச்சு. அதை யாரு நம்புவா?"

"உருக்கினா நம்புவாங்களா?"

"உருக்கினதுக்கு சான்றிதழ் இருக்கு."

அவள் சான்றிதழையும் படித்தாள். எத்தனை டன் வெள்ளி, எத்தனை பீரங்கி, எத்தனை பாய்மரம் என்று எல்லாம் இருந்தது. செத்தவர்கள் பற்றி ஒரு சொல் இருந்தது. 'பலர்.'

"பீரங்கிய எண்ணியிருக்காங்க" என்றாள் அவள்.

நான்கு வருடத்தில் பதினொரு கட்டிகள் சேர்ந்தன. கூடத்துக் கண்ணாடி அலமாரியில் அவளுடைய பீங்கான் தட்டுகள் இருந்தன. அவை அட்டைப் பெட்டியில் கட்டப்பட்டுக் கட்டிலுக்கு அடியில் போயின. கட்டிகள் அலமாரியில் ஏறின. நான்கு வருடத்தில் ஒருமுறைகூட அவர் வெள்ளியைத் தொட்டதில்லை. லென்ஸ் வைத்துப் பார்ப்பார். கூட்டைத் துடைப்பார். பார்ப்பார்.

அவரைப் போன்றவர்கள் ஊரில் ஒன்பது பேர் இருந்தார்கள். சங்கம் வைத்திருந்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு பல் டாக்டரின் கிளினிக் மாடியில் கூடுவார்கள். பல் டாக்டர்தான் தலைவர். கிராம்புத் தைல வாசனையில், பிளாஸ்டிக் தாடைகள் இளித்துக்கொண்டிருக்கும் அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து, ஒருவர் கூட்டை ஒருவர் வாங்கிப் பார்த்து, "அற்புதம்" என்பார்கள். பின்வரிசையில் லிஃப்ட் மெக்கானிக் தனியாக உட்காருவார். அவர் வீட்டுப் பூனை தட்டிவிட்டு ஒரு கூடு உடைந்துபோனது. அவர் கட்டி வெளியே வந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு ஓட்டு இல்லை. கட்டியையும் உடைந்த கூட்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருவார், என்றைக்காவது மனம் இரங்குவார்கள் என்று. வெள்ளியைத் தொட்டுப் பார்த்த ஒரே உறுப்பினர் அவர்தான். எப்படி இருந்தது என்று முத்திரையார் ஒருமுறை ரகசியமாகக் கேட்டார்.

"ஜில்லுனு இருக்கு சார். அவ்வளவுதான்."

இந்த வருடம் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. போலிக் கட்டிகள் உலவுவதாகக் கேள்வி. ஆகவே சங்கத்துக்கு ஒரு சோதனை அதிகாரி வேண்டும். உறுப்பினர்களின் சான்றிதழ்களை அவர் பார்த்து, சரி என்றால் சங்கத்தின் ஸ்டாம்ப்பைக் குத்துவார். பன்னிரண்டு கட்டியும் சீல் கலையாமல் முதலில் சேர்ப்பவர் யாரோ அவரே அதிகாரி. கண்காட்சி ஞாயிறு அன்று பொறுப்பு ஒப்படைக்கப்படும்.

பல் டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்து ஸ்டாம்ப்பைக் காட்டினார். கடைசல் பிடித்த மரக் கைப்பிடி. வட்ட முகம். நடுவில் கப்பல். முத்திரையார் அதைக் கையில் வாங்கினார். கை நமநமப்பு சட்டென்று நின்றது. ஓய்வுக்குப் பிறகு முதல் முறை.

பன்னிரண்டாவது கட்டிக்கு அவர் அன்றே எழுதிப்போட்டார். கண்காட்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது அது வந்து சேர்ந்தது. கொடிமர நுனி.

இங்கே மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் அண்ணன். மளிகைக் கடை வைத்திருந்தவர். முத்திரையாருக்குக் கல்யாணம் ஆன இரண்டாம் வருடம், அந்த வட்டாரத்துக்கே அவரை மாற்றிப் போட்டார்கள். ஒரு நாள் ஜீப்பில் போய் மச்சான் கடை முன்னால் இறங்கினார். மச்சான் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மாப்பிள்ளை உட்காரவில்லை. ஒரு கிலோ கல்லை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். போன வருடத்து எழுத்து.

"முத்திரை போட வந்த அன்னிக்கு அம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க மாப்பிள்ளை. உங்களுக்கே தெரியும். நீங்களும்தான் வந்து பாத்தீங்க. வேணா நிறுத்துப் பாருங்க. ஒரு குந்துமணி கொறஞ்சா என் பேரை மாத்திக்கிறேன்."

"நான் எடை பாக்க வரல. முத்திரை பாக்க வந்திருக்கேன்."

கல் பறிமுதல் ஆனது. அபராதம் விதித்தார்கள். எடை மோசடி என்ற தலைப்பில் செய்தித்தாளில் மூன்று வரி வந்தது. மனைவி இரண்டு மாதம் அவரிடம் பேசவில்லை. மச்சான் மட்டும் பேசினார். அதற்குப் பிறகு முப்பது வருடமாக, குடும்பம் கூடிச் சாப்பிடும் இடத்திலெல்லாம், மாப்பிள்ளையின் இலைக்கோ தட்டுக்கோ குனிந்து பரிமாறும்போது சொல்வார்:

"எடை சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க மாப்பிள்ளை."

ஒவ்வொரு முறையும் முத்திரையார் சிரிப்பார். ஒவ்வொரு முறையும் முதல் கவளம் புரையேறும்.

வழக்கு முடிந்தும் கல்லைத் திருப்பி வாங்க மச்சான் வரவில்லை. அது அலுவலகப் பெட்டியில் கிடந்தது. அலுவலகம் இடம் மாறியபோது எப்படியோ முத்திரையார் வீட்டுக்கு வந்தது. வேறொருவர் இதைச் செய்திருந்தால் முத்திரையாரிடம் அதற்கு ஒரு சட்டப் பிரிவு இருந்திருக்கும். அவர்கள் கூடத்துக் கதவு காற்றுக்குப் படாரென்று அடித்துக்கொள்ளும் கதவு. கல் அதற்கு முட்டுக்கொடுத்தது. துருப்பிடித்தால் தரை கறையாகும் என்று மனைவி வாரம் ஒருமுறை அதை எண்ணெய்த் துணியால் துடைத்தாள். முப்பது வருடத்தில் வீட்டில் எல்லோரும் அதில் கால் விரலை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதிகமாக இடித்துக்கொண்டவர் முத்திரையார்.

கண்காட்சி ஞாயிறு வந்தது. முத்திரையார் கிளினிக் மாடியில் கறுப்பு வெல்வெட் துணி விரித்துப் பன்னிரண்டு கட்டிகளையும் அடுக்கினார். கப்பல் இடமிருந்து வலமாக மூழ்கியது. ஆனாலும் மேசையில் ஏதோ குறைந்தது. கம்பீரம் போதவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் பித்தளைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். துறையின் பழைய மாதிரித் தராசு. ஏலத்தில் எடுத்தது. ஒரு கிலோ தாங்கும், ஒரு கடுகுக்கும் சாயும். பித்தளைக் கற்கள் நீலப் பெட்டியில். இரண்டையும் கட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். இப்போது சரி.

மேலே மின்விசிறி பேய்மாதிரி சுற்றியது. சான்றிதழ்கள் பறந்தன. மனைவி பையிலிருந்து ஒரு கனமான பொருளை எடுத்து அவற்றின் மேல் வைத்தாள். மாடியில் விசிறி இருக்கும் என்று யோசித்துக் கதவோரக் கல்லை எடுத்து வந்திருந்தாள். முத்திரையார் கவனிக்கவில்லை. அவர் ஸ்டாம்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது டாக்டர் மேசையில், மைத்திண்டின் பக்கத்தில், ஒரு வெள்ளைத் தட்டில் இருந்தது. வழக்கமாகப் பிடுங்கின பல்லை வைக்கும் தட்டு.

பத்தரைக்கு மச்சான் வந்தார். யாரும் அழைக்கவில்லை. அல்லது தங்கை அழைத்திருக்கலாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதல் கட்டியிலிருந்து வரிசையாகப் பார்த்தார்.

"கப்பல் முழுகிட்டே வருதே மாப்பிள்ளை."

"வரிசையே அப்படித்தான் மச்சான்."

"கடைசியில ஒண்ணையும் காணோமே?"

"கொடிமரம் இருக்கு. இந்தாங்க, லென்ஸ்ல பாருங்க."

மச்சான் லென்ஸை வாங்கவில்லை. தராசைப் பார்த்தார்.

"இது எதுக்கு? நிறுத்துக் காட்டுவீங்களா?"

"சும்மா, அழகுக்கு."

"தராசை அழகுக்கு வைக்கிற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

பல் டாக்டர் காதில் விழுந்தது. அவருக்கு உற்சாகம் வந்தால் அடக்க முடியாது. "பிரமாதமான யோசனை! சார் கையால ஒரு கட்டிய நிறுத்துக் காட்டட்டும். முப்பத்திரண்டு வருஷ அனுபவம்! எல்லாரும் இப்படி வாங்க."

முத்திரையார் கட்டிகளுக்கு முன்னால் வந்து நின்றார். "கூட்டைத் திறக்க முடியாது டாக்டர். சீல் போயிடும்."

"அட, ஆமா" என்றார் டாக்டர். கூட்டம் கலையப் பார்த்தது.

பின்வரிசையிலிருந்து லிஃப்ட் மெக்கானிக் எழுந்தார். சட்டைப் பையில் கை விட்டார். "எங்கிட்ட காலிக் கூடு இருக்குங்க. மூடிதான் விரிசல். துண்டு ஒண்ணும் போகல. அதை எதிர்த் தட்டுல வச்சிட்டா கூட்டுக்குக் கூடு கழிஞ்சிடும்."

நான்கு வருடத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"கூட்டுக்குக் கூடு வித்தியாசம் வரும்" என்றார் முத்திரையார்.

"ஒரே அச்சுல வார்த்தது சார்."

இனித் தப்ப வழியில்லை. முத்திரையார் கொடிமரக் கட்டியை இடது தட்டில் வைத்தார். வலது தட்டில் காலிக் கூடு. "எவ்வளவு போட்டிருக்கு?" என்றார் யாரோ. டாக்டர் சான்றிதழை எடுக்கப் போனார். மேலே இருந்த இரும்பைத் தூக்கிப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்தார். மற்றத் தாள்களை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். பக்கத்தில் நின்றவர் மச்சான்.

"முப்பத்தொரு கிராம்" என்று படித்தார் டாக்டர்.

இருபது, பத்து, ஒன்று. முத்திரையாரின் விரல்கள் பித்தளைக் கற்களைத் தாமாகவே எடுத்து வைத்தன. தட்டுகளை விடுவிக்கும் நெம்பைத் திருப்பினார். முள் வலது பக்கம் போய் நின்றது.

ஒன்றை எடுத்தார். முள் அசைந்தது. நடுவுக்கு வரவில்லை. பத்தை எடுத்துவிட்டு ஐந்தும் இரண்டும் இரண்டும் வைத்தார். முள் நடுவில் நின்றது.

இருபத்தொன்பது.

எல்லோரும் முள்ளையே பார்த்தார்கள். மச்சான் மட்டும் தராசைப் பார்க்கவில்லை. தன் கையில் இருந்த கல்லைக் கவிழ்த்து அதன் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடல்ல இருநூறு வருஷம் கெடந்த வெள்ளி" என்றார் முத்திரையார். "கொஞ்சம் தேய்மானம் இருக்கத்தான் செய்யும்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. தேய்மானம். முப்பத்திரண்டு வருடம் கடைக்காரர்கள் அவரிடம் சொன்ன சொல். அதைச் சொன்ன ஒருவரையும் அவர் விட்டதில்லை.

மச்சான் தலை நிமிர்ந்தார். "உருக்கி ஊத்தினது இப்பத்தானே மாப்பிள்ளை? கடல் எப்ப வந்து தின்னுட்டுப் போச்சு?"

யாரும் சிரிக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக் தன் திறந்த கட்டியைத் தராசில் வைத்துப் பார்த்தார். அதுவும் இருபத்தொன்பது. "மத்தவங்களோடதையும் பாத்துடலாமா?" என்று கேட்டார், உதவும் எண்ணத்தோடு.

எட்டுப் பேரும் அவரவர் பெட்டியைக் கொஞ்சம் அவரவர் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். டாக்டரிடம் ஒன்பது கட்டிகள் இருந்தன. அவர் முகம் மயக்க ஊசி போட்டது போல ஆகியிருந்தது.

முத்திரையார் தட்டில் இருந்த ஸ்டாம்ப்பைப் பார்த்தார். கைப்பிடியில் வெளிச்சம் விழுந்தது. கை நமநமத்தது.

தொண்டையைச் செருமினார். "இங்க பாருங்க. நாம எடை பாக்க வரல. முத்திரை பாக்க வந்திருக்கோம்."

மூலையில் நின்ற மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வாக்கியத்தை அவள் முன்பு ஒருமுறை அண்ணன் வாயால் கேட்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் சொன்னவர் வாயால் கேட்கிறாள்.

அறை மூச்சு விட்டது. "அதானே!" என்றார் டாக்டர். "முத்திரை நாலும் சரியா இருக்கு. ஹாலோகிராம் சரியா இருக்கு. அப்புறம் என்ன? இதுக்குத்தான் அனுபவம் வேணும்ங்கறது." மற்றவர்களும் "அதானே, அதானே" என்றார்கள். யாரோ கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். டாக்டர் தட்டோடு ஸ்டாம்ப்பை எடுத்து நீட்டினார்.

அடுத்த பத்து நிமிடம் முத்திரையார் வாழ்க்கையில் நல்ல பத்து நிமிடம். உறுப்பினர்கள் வரிசையில் நின்று சான்றிதழ்களை நீட்டினார்கள். மைத்திண்டில் ஒரு தட்டு, தாளில் ஒரு தட்டு. ஒரு தட்டுக்கூடக் கோணவில்லை. லிஃப்ட் மெக்கானிக் வந்தபோது நிமிராமலே "சீல் இல்ல. செல்லாது" என்றார். மெக்கானிக் தலையாட்டிவிட்டுப் பின்வரிசைக்குப் போனார். அவருக்குப் பின்னால் நின்றவர் மேசையில் ஒரு இரும்பைக் நங்கென்று வைத்தார்.

"இதுக்கும் ஒண்ணு போடுங்க மாப்பிள்ளை."

முத்திரையார் அப்போதுதான் அதைப் பார்த்தார். "மச்சான், எல்லாரும் இருக்காங்க. விளையாடாதீங்க."

"விளையாட்டு இல்ல. நிறுத்துட்டுப் போடுங்க. நிறுக்காம போட்டாலும் சரி. இங்க அப்படித்தானே?"

முத்திரையார் கை அசையவில்லை. மனைவி வந்தாள். கல்லை எடுத்து இடது தட்டில் வைத்தாள். நீலப் பெட்டியிலிருந்து பித்தளைக் கிலோவை எடுத்து வலது தட்டில் வைத்தாள். அந்தத் தராசைத் துடைத்துத் துடைத்து நெம்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். திருப்பினாள்.

முள் இப்படி ஒரு தடவை அப்படி ஒரு தடவை ஆடியது. நடுவில் நின்றது.

"அண்ணே, சரியா இருக்கு" என்றாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றார் அவர். "அவரு சொல்லட்டும்."

முத்திரையார் முள்ளைப் பார்த்தார். கல்லை எடுத்தார். பழகின கை, தானாகக் கவிழ்த்தது. ஈயத்தில் அந்த எழுத்து அப்படியே இருந்தது.

"எழுத்து பழசு" என்றார்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. கை கல்லை, மை காய மேசையில் கிடந்த சான்றிதழ்களின் மேல் வைத்தது.

மச்சான் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு சிரித்தார். முப்பது வருடத்தில் மாப்பிள்ளை முன்னால் அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அப்பாடா. எங்க நீங்க மாறிட்டீங்களோன்னு பயந்துட்டேன் மாப்பிள்ளை. அப்புறம் நான் யாரைத் திட்டுறது?"

"கல்லை நீ எடுத்துட்டுப் போண்ணே" என்றாள் தங்கை. பையை அவரிடம் விரித்துப் பிடித்தாள். அவர் உள்ளே போட்டுக்கொண்டு படியிறங்கினார். கல் போனதும் மேசையிலிருந்த சான்றிதழ்கள் பறந்தன. டாக்டரோடு சேர்த்து எட்டுப் பேரும் தாடை அலமாரிக்கு அடியிலும் நாற்காலிக் கால்களுக்கு நடுவிலும் மண்டியிட்டு அவற்றைப் பொறுக்கினார்கள். ஈர முத்திரை சிலவற்றில் அழிந்து, கப்பல் இன்னொரு தடவை மூழ்கியிருந்தது.

அன்று சாயங்காலம் காற்று அதிகம். கூடத்துக் கதவு படாரென்று அடித்தது. சுவர் அதிர்ந்தது. அலமாரிக் கண்ணாடி கடகடத்தது. முத்திரையார் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். திரும்பி வந்து உட்காருவதற்குள் மறுபடி அடித்தது.

"அந்தக் கல்லு எங்க?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து அட்டைப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள். "உங்ககிட்டதான் பன்னெண்டு இருக்கே. வச்சுப் பாருங்க. கடல்லருந்து வந்ததாச்சே, ஒரு கதவைத் தாங்காதா?"

அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று அவருக்கு ரோஷம் வந்தது. அலமாரியிலிருந்து பன்னிரண்டு கட்டிகளையும் எடுத்தார். கதவோரம் கல் இருந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அதன் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். கிளம்பும் கப்பல் அடியில். கொடிமரம் உச்சியில். தள்ளி நின்றார்.

காற்று வந்தது. கதவு அவற்றை அவசரப்படாமல் தரையோடு தள்ளிக்கொண்டு வந்து சாத்திக்கொண்டது.

பின்னால், காலியான அலமாரித் தட்டில் பீங்கான் வைக்கும் சத்தம் கேட்டது. முத்திரையார் மண்டியிட்டுக் கூடுகளைப் பொறுக்கி, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு சீலும் கலையவில்லை.